லட்டுவுக்கு உடம்பு சரியில்லை: தூக்கம் வராத இரவுகளுக்கு ஒரு பதில்

கேள்வி இது. இரண்டரை வயது கினி பிக் (கினிப் பன்றி), பெயர் லட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. திங்களன்று டாக்டரிடம் காட்டியாயிற்று. பல் உரசல் இருக்கலாம் என்று சொல்லி ஊசி போட்டு, வாய்வழி மருந்து இரண்டு கொடுத்து, வியாழக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். அவர் பெரும்பாலும் நாய், பூனை பார்ப்பவர். “சரியாகத்தான் பார்க்கிறாரா, நான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு எலிக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தக் கவலையை எப்படிச் சமாளிப்பது?”

எங்கள் வீட்டில் பதினான்கு வருடமாகக் கினி பிக் இருக்கிறது. இதுவரை ஏழு. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் நானும் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். அந்த நேரத்துக் கவலைக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. லட்டு இப்போது எப்படி இருக்கிறது என்ற ஒன்றுக்கு இன்று ராத்திரியே எடை மிஷின் பதில் சொல்லிவிடும். தேறிவிடுமா என்ற இன்னொன்றுக்கு, வியாழக்கிழமை வரை உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் பிரிக்காத வரைக்கும் தூக்கம் வராது.

முதலில் லட்டு. கினி பிக்கின் குடல் நிற்கக் கூடாத குடல். வயிற்றில் குருட்டுக்குடல் என்று ஒரு பெரிய பை இருக்கிறது; புல் அங்கேதான் புளித்து, நுண்ணுயிர்களால் செரிக்கிறது. உள்ளே புல் வந்துகொண்டே இருந்தால்தான் அந்த நுண்ணுயிர்கள் ஒழுங்காக இருக்கும். வரத்து நின்றால் குடல் அசைவு மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும். நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தால் நாளைக்குப் பார்க்கலாம். கினி பிக் பன்னிரண்டு மணி நேரம் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். அதேபோல, வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டாலோ, காது சில்லென்று ஆகித் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் போகும்போது கத்தினாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி என்று பார்க்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்தது, டாக்டர் கொடுத்த மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பெயரைப் படியுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின். இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாய்க்கும் குழந்தைக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்துகள்தான் இவை. ஆனால் கினி பிக்கின் வாய்வழியாகப் போனால் குடலில் இருக்க வேண்டிய நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். பென்சிலின் கினிப் பன்றிகளைக் கொல்லும் என்பது 1943-லேயே ஆய்வில் எழுதப்பட்ட விஷயம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1940 மே மாதம், ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழு பென்சிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். கினிப் பன்றிகளில் சோதித்திருந்தால் அந்த மருந்தையே ஆபத்தானது என்று ஒதுக்கியிருக்கக்கூடும். பெயர்தான் ஆய்வுக்கூட விலங்கு. ஆனால் இதன் உடம்பு சுண்டெலியின் உடம்பைப் போல இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் முதல் கினி பிக் குண்டுமணிக்குச் சளி பிடித்தபோது பக்கத்துத் தெருவில் மாடும் நாயும் பார்க்கிற ஒரு டாக்டர் அமாக்சிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார். நான் வேளை தவறாமல் கொடுத்தேன். நான்காம் நாள் வயிற்றால் போனது, அன்று சாயங்காலமே போய்விட்டாள். வேளை தவறாமல் கொடுத்ததுதான் பல வருடம் என்னை அரித்தது. அதனால்தான் இந்தப் பத்தியை எல்லாருக்கும் சொல்கிறேன். என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா-ட்ரைமெத்தோப்ரிம் போன்றவை கினி பிக்குகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் பாட்டிலில் அவை இருந்தால் அந்த ஒரு பயத்தை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். மெலாக்சிகாம் என்று இருந்தால் அது வலிக்கு. இருப்பது நல்லது, இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வலி குறையாமல் எந்தக் கினி பிக்கும் சாப்பிடாது.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். நானும் தயங்குவேன். “சார், கினி பிக்குக்கு வாய்வழி பென்சிலின் வகை ஆகாது என்று படித்தேன், இது அந்த வகையா?” என்று கேட்டால் போதும். இத்தனை வருடத்தில் நான் இப்படிக் கேட்டு முகம் சுளித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், தெரிந்த பேராசிரியருக்குப் போன் செய்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும் டாக்டரை விட்டுவிடாதீர்கள். நாய், பூனை பார்ப்பவர் என்பது மட்டும் அவரைச் சந்தேகப்படக் காரணம் ஆகாது. பார்த்த தடவை லட்டுவை எடை போட்டாரா, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா, கடைவாய்ப் பல்லைக் கருவி வைத்துப் பார்க்க முயன்றாரா, எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொன்னாரா? இதில் பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் நல்ல கையில்தான் இருக்கிறது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைக் கேட்டுப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் இருப்பது 1903-இல் தொடங்கியது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. போவதற்கு முன் கினி பிக் பார்ப்பவர் எந்த நாள் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இனி எடை மிஷின். சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் மிஷின் போதும், கிராம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி லட்டுவை அதில் உட்கார வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரம், ஊட்டுவதற்கு முன். வளர்ந்த கினி பிக் 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். லட்டுவின் எடை எவ்வளவு என்பதைவிட நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் செய்தி. இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது குடலும் மூத்திரப்பையும் காலியா நிறைந்தா என்பதைப் பொறுத்தது, அதற்குப் பதற வேண்டாம். ஒரே நாளில் ஐம்பது கிராமுக்கு மேல் போனாலோ, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கினாலோ டாக்டருக்குச் சொல்லுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது பெரிய இழப்பு.

நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதுவேன். நேரம், எடை, எத்தனை மில்லி ஊட்டினேன், புழுக்கை எப்படி இருந்தது, மருந்து கொடுத்தேனா. மருந்து கொடுத்தேனா என்ற அந்தக் கட்டம் சின்னதாகத் தெரியும். ஆனால் நடு ராத்திரியில் “பத்து மணிக்குக் கொடுத்தோமா இல்லையா” என்று தலை சுற்றும்போது அந்த டிக் அடையாளம்தான் உங்களைத் திரும்பப் படுக்க வைக்கும். மனசு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான். தாளில் ஏறிவிட்டால் அது கேட்பதை விடும். டாக்டருக்கும் “இரண்டு நாளா சரியில்ல சார்” என்பதைவிட “திங்கள் 880, செவ்வாய் 862, புதன் 866” என்பது பத்து மடங்கு உதவும்.

ஊட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவலைப்படுகிற கைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வயிறு மத்தளமாக இறுகியிருந்தால் ஊட்டவே கூடாது, அடைப்பு இருக்கலாம், டாக்டர் பார்த்த பிறகுதான். மற்றபடி, நோயுற்ற தாவர உண்ணிகளுக்கென்று விற்கும் மாவு கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் அது வழக்கமாகத் தின்னும் பெல்லட்டை (கடையில் விற்கும் குருணைத் தீவனம்) மிக்ஸியில் பொடித்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச். மாவு அடைத்துக்கொண்டால் முனையை வெட்டி, ஓரம் குத்தாதபடி தேய்த்துவிடுங்கள். லட்டுவை ஒரு துண்டில் சுற்றி மடியில் நேராக உட்கார வையுங்கள், மல்லாக்கப் போடவே கூடாது, மாவு மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து அங்கே சிரிஞ்சை நுழைத்து அரை மில்லி விடுங்கள். மெல்லும். மென்று முழுங்கும் வரை காத்திருங்கள். பிறகு அடுத்த அரை மில்லி.

அதுவாக ஒன்றுமே தின்னாத நிலையில் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 50 முதல் 80 மில்லி வரை கணக்கு. 900 கிராம் என்றால் ஏறக்குறைய 45 முதல் 70 மில்லி, ஐந்தாறு வேளையாகப் பிரித்து. லட்டுவுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் நாள் பாதிதான் உள்ளே போகும், பாதி உங்கள் சட்டையில். பரவாயில்லை. தலையைத் திருப்பித் திருப்பி மறுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி. அது உங்களை வெறுத்துவிடாது. எங்கள் சீனி ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே பதுங்கினாள். குணமான பிறகு ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு முன்போலவே வீக் வீக் என்று கத்த ஆரம்பித்தாள்.

புல்லை எப்போதும் முகத்துக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். டிமோத்தி ஹே என்ற உலர்புல் இல்லாவிட்டாலும் பிள்ளையார் கோயில் வாசலில் கட்டு விற்கிற அறுகம்புல் அருமையானது, நன்றாக அலசி ஈரம் போக உதறிக் கொடுங்கள். உடம்பு சரியில்லாதபோது உலர்புல்லைத் தொடாத கினி பிக்கூட அறுகம்புல்லை ஒரு கடி கடிக்கும். வைட்டமின் சி-யை மறக்காதீர்கள். நம்மைப் போலவே இதுவும் அந்த வைட்டமினைத் தன் உடம்பில் செய்துகொள்ள முடியாத பிராணி. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயை விலங்கில் உண்டாக்கிப் பார்த்தது கினிப் பன்றியில்தான். சாதாரண நாளில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, நோயில் இன்னும் கூடுதலாக. குடைமிளகாய், கொத்தமல்லி தின்றால் நல்லது, தின்னாவிட்டால் சொட்டு மருந்தாக எவ்வளவு என்று டாக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலந்து வைப்பது வீண், சீக்கிரமே கெட்டுவிடும். குழந்தைகளுக்கான மல்டி வைட்டமின் சொட்டு, ஓமத்தண்ணீர், பாரசிட்டமால் என்று வீட்டில் இருப்பதை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பார்ப்பதற்கு வருகிறேன். கினி பிக் ஆண்டிஸ் மலையில் பருந்துக்கும் நரிக்கும் இரையாக இருந்த குலம். உடம்பு சரியில்லாதபோது யாரோ மேலிருந்து குனிந்து பார்த்தால் அதற்குத் தெரிவது உங்கள் பாசம் அல்ல, ஒரு நிழல். உறைந்து போய் உட்காரும். அது உறைந்திருப்பதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயந்து இன்னும் குனிவீர்கள். ஆகவே இப்படிச் செய்யுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஊட்டிவிட்டு அலாரம் நான்கு மணிக்கு வையுங்கள். பதினொன்றுக்குக் கூண்டின் ஒரு மூலையைத் துடைத்துவிடுங்கள். நான்கு மணிக்கு அங்கே புது புழுக்கை கிடந்தால் நடு ராத்திரி முழுக்கக் குடல் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இடையில் விழிப்பு வந்தால் எழுந்து போகாமல் படுத்தபடியே இந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நான்கு மணிக்கு என்ன பார்க்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும், அதற்குள் பார்ப்பதால் மாறப்போவது எதுவும் இல்லை. முதல் இரவு பலிக்காது. இரண்டாம் இரவு கொஞ்சம் பலிக்கும். வீட்டில் யாராவது ஒருவர் நான்கு மணி வேளையை ஏற்றுக்கொண்டால் நீங்கள் ஆறு மணி வரை தூங்கலாம். தூங்காத கையால் சிரிஞ்ச் பிடித்தால் நடுங்கும், அதனால் இதையும் லட்டுவின் வைத்தியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஜோடி இருந்தால் பிரிக்காதீர்கள். டாக்டர் தொற்று என்று சொன்னால் மட்டும் பிரித்து வையுங்கள். பக்கத்தில் இன்னொன்று தின்கிற சத்தமே பாதி மருந்து. ஆஸ்பத்திரிக்கும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள். ஸ்விட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கவே கூடாது. ஒரு எலிக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் சொன்னதும் மாறிவிட மாட்டார்கள். என் அனுபவத்தில் வாதம் பலிக்கவில்லை. புல் அலசித் தரச் சொன்னதுதான் பலித்தது.

“கவனிக்காமல் விட்டேனா” என்று கேட்டிருந்தீர்கள். கினி பிக்குக்கு மொத்தம் இருபது பல், அத்தனையும் ஆயுள் முழுக்க வளரும். பிரச்சினை பெரும்பாலும் கடைவாயில் வரும். கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் மாதிரி மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து முன்பல்தான் தெரியும், அது நன்றாகவே இருக்கும். வாய் குறுகலானது, டாக்டரே விளக்கு வைத்த கருவி இல்லாமல் உள்ளே பார்க்க முடியாது. அதோடு, இரை விலங்கு என்பதால் முடிகிற வரை வலியை மறைத்துவிட்டுக் கடைசியில்தான் காட்டும். தாடை நனைந்திருப்பது, உணவை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, மென்மையானதை மட்டும் தின்பது, இவைதான் வெளியே தெரிகிற அறிகுறிகள். நீங்கள் ஞாயிறு மாலை கவனித்துத் திங்கள் டாக்டரிடம் போயிருக்கிறீர்கள். வேகமாகத்தான் போயிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை பயணத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். 27, 28 டிகிரிக்கு மேல் போனாலே கினி பிக்குக்குத் தவிப்பு ஆரம்பித்துவிடும். மத்தியான ஆட்டோவில் அது உயிருக்கே ஆபத்து. பெட்டிக்குள் புல், பெட்டியின் ஓரத்தில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில், மேலே ஒரு மெல்லிய துண்டு. நாய்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். பயம் மட்டும் காரணமல்ல. நாய்க்கு ஒன்றும் செய்யாமல் தொண்டையில் இருக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொடுக்கும்.

டாக்டரிடம் உள்ளே போனால் மறந்துவிடும், அதனால் காலண்டர் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், எந்த அறிகுறியைப் பார்த்தால் ராத்திரியே வர வேண்டும், இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எத்தனை நாளில் தெரியும். இரண்டாவது கேள்வியின் பதில்தான் உங்கள் தூக்கத்துக்கு மருந்து. பல்லைத் தேய்க்க மயக்க மருந்து கொடுக்கலாம் என்றால், கினி பிக் வாந்தி எடுக்க முடியாத பிராணி, முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடத் தேவையில்லை என்பதை நினைவில் வைத்து, எத்தனை மணி வரை ஊட்டலாம் என்று கேளுங்கள். செலவையும் கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். எக்ஸ்ரே எவ்வளவு, மயக்க மருந்தோடு எவ்வளவு, நம்மால் எதுவரை முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு செய்துகொண்டு போவது அன்புக் குறைவு இல்லை. மேஜை மேல் அது நடுங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற பண முடிவுதான் பின்னால் உறுத்தும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. இது தேறாது, இனி வலி மட்டும்தான் என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டதாலேயே அது நடந்துவிடாது. சீனிக்கு ஆறு வயதில் மூத்திரப்பையில் கல் வந்து, இரண்டாம் முறையும் வந்தபோது நான் முன்பே கேட்டு வைத்திருந்ததால் அந்தக் காலையில் தடுமாறவில்லை. டாக்டர் ஊசி போடும்போது என் உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. லட்டு அந்தக் கட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டரை வயது, பல் உரசல், மறுநாளே மருந்து. தேறி வந்தவை நிறைய.

இன்று ராத்திரி பதினொரு மணி ஊட்டலுக்கு முன் ஒரு தடவை எடை போட்டு எழுதி வையுங்கள். இரண்டு மருந்துப் பாட்டில்களிலும் உள்ள பெயரையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கைபடாத நேரத்தில் தூரத்திலிருந்து அது மூச்சுவிடுவதையும் மெல்லுவதையும் ஒரு நிமிடம் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேஜையில் அது எதையும் காட்டாமல் சிலை மாதிரி உட்கார்ந்துவிடும், அப்போது அந்தப் படத்தைக் காட்டலாம்.